கல்லும் பாசியும்

பாலக்காட்டுப் புகைப்படச் சங்கத்தில் மொத்தம் ஏழு உறுப்பினர்கள். ஆளுக்கொரு காமிரா, ஆளுக்கு ஒன்பது அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகசாலை மாடியில் கூடுவார்கள். நாற்காலி போடுவது, டீ வாங்கி வருவது, படங்களை ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டுவது எல்லாம் பியூன் மாரப்பன் வேலை.

அன்று ராஜாராமன் முறை. கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், பாங்கில் பெரிய உத்தியோகம். மலேயாவில், பினாங்கில் இருக்கும் அக்கா வீட்டில் இரண்டு மாத விடுமுறையைக் கழித்துவிட்டு நாற்பது படங்களோடு திரும்பியிருந்தார். கப்பல், கடற்கரை, கோயில், அத்திம்பேர் வாங்கிய புதுக் கார். கார் மட்டும் ஆறு படத்தில் வந்தது. மாரப்பன் ஒவ்வொரு அட்டையையும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே இருந்தவர்கள் பினாங்கைப் பார்த்தார்கள். அவன் பார்த்தது அட்டையின் முதுகை.

முப்பத்தோராவது அட்டைக்கு எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இதுக்கு 'கல்லும் பாசியும்'னு பேர் வெச்சிருக்கேன்," என்றார் ராஜாராமன். "ரப்பர் தோட்டம் வழியா கார்ல போயிண்டிருந்தோம். மழை விட்டு வெயில் சாஞ்சு விழுந்தது. நிறுத்தச் சொல்லி எடுத்தேன்."

"கல்லுல என்னமோ எழுதியிருக்கே, தமிழோ?" என்று கேட்டார் இன்னொரு உறுப்பினர் சாம்பசிவன்.

"தமிழாக்கும். ஆனா நமக்கு வாசிக்க வராதே."

ஏழு பேரில் ஒருவருக்கும் வராது. பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம், பீற்றிக்கொள்வது இங்கிலீஷ் என்று வளர்ந்த கூட்டம். அதில் யாருக்கும் வெட்கமும் இருந்ததில்லை.

"மாரப்பா, நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவனோன்னோ. என்ன எழுதியிருக்குன்னு சொல்லு," என்றார் ராஜாராமன்.

மாரப்பன் அட்டையைத் திருப்பினான்.

நல்லேப்பிள்ளி சின்னமுத்து. அதற்குக் கீழே, காலமானது 1944. கூட வேலை செய்த யாரோ ஆணியால் செதுக்கியிருக்க வேண்டும். வரி கோணலாக இருந்தது.

நல்லேப்பிள்ளி மாரப்பனின் ஊர். சின்னமுத்து அவன் கூடப்பிறந்த அண்ணன். மகளுக்கு ஒரு வயதாக இருந்தபோது கங்காணியோடு மலேயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினான். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. அண்ணி பூமாரி (மாரப்பன் அவளை 'நங்கை' என்றுதான் கூப்பிடுவான்) பதினேழு வருடமாகத் தாலியும் குங்குமமுமாகக் காத்திருக்கிறாள். அந்த மகளுக்கு இன்னும் பதினோரு நாளில், வியாழக்கிழமை, கல்யாணம்.

செத்து எத்தனை வருடமானாலும், சேதி காதில் விழுகிற நாளில்தான் தீட்டு தொடங்கும் என்பது அவர்கள் வழக்கம். தீட்டு என்றால் கல்யாணம் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே, அப்பன் இருக்கிறானா இல்லையா என்று இழுத்து இழுத்துச் சம்மதித்தவர்கள். அபசகுனம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோவார்கள். இத்தனையையும் அந்த நொடியில் யோசித்தான் மாரப்பன். அண்ணனுக்காக அழ அவனுக்கு நேரமில்லை.

"எல்லைக் கல்லுங்க சாமி," என்றான். "தோட்டத்து நம்பர் போட்டிருக்குதுங்க."

பிறகு டீ கொடுக்கும்போது மெல்லக் கேட்டான். "அது எந்தத் தோட்டமுங்க?"

"யார் கண்டா? வழி நெடுக ரப்பர்தான்," என்றார் ராஜாராமன். அவர் மேல் குற்றமில்லை. அழகாக இருந்தது, எடுத்தார். ஆனால் அண்ணன் புதைந்த இடம் அந்த ஒரு பதிலில் தொலைந்துபோனது.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அடுத்த வாரம் அந்த மாடியிலேயே ஊரார் பார்க்கக் கண்காட்சி வைத்தார்கள். நடுச்சுவரில் மாட்டச் சொன்னார் ராஜாராமன். மாரப்பனே ஆணி அடித்தான். அண்ணனுக்கு அவன் செய்த கருமாதி அந்த ஆணிதான்.

திங்கட்கிழமை பகல், மகளுக்குக் கூறைப்புடவை எடுக்க அவனைத் துணைக்கு அழைக்க வந்தாள் பூமாரி. மாடியில் உட்காரச் சொல்லிவிட்டு மாரப்பன் டீ வாங்கப் போனான். அவனுக்குப் பயமில்லை. அவள் கைநாட்டு. எழுத்தும் எறும்பும் அவளுக்கு ஒன்றுதான் என்று நினைத்தான். மடையன், ஒன்றை மறந்துவிட்டான்.

திரும்பி வந்தபோது அவள் நடுச்சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டியிருந்தாள். கல்யாணமான புதிதில் கொல்லங்கோட்டுத் திருவிழாவில் பச்சை குத்திக்கொண்ட கை. கட்டினவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, கையிலாவது வைத்துக்கொள் என்று அண்ணன்தான் குறத்தி முன்னால் உட்கார வைத்தான். ஆறு எழுத்து. கையில் ஒன்றைத் தொட்டாள், கல்லில் ஒன்றைத் தொட்டாள். ஆறாவதையும் தொட்டுவிட்டுத்தான் கையை இறக்கினாள்.

"நங்கை," என்றான் மாரப்பன். "அதுல வந்துங்க..."

"படிக்காதீங்க தம்பி." குரல் உயரவில்லை. "காதுல உழுந்தாத்தானுங்க தீட்டு. கண்ணுல பட்டதுக்குத் தீட்டில்ல."

அவன் டீ கிளாஸ்களைத் தரையில் வைத்தான்.

"எத்தன நாளாத் தெரியுமுங்க?"

"எட்டு நாளாச்சுங்க."

"அளுதீங்களா?"

"இல்லீங்க."

"நானும் வியாளக்கெளம வரைக்கும் அளுகலீங்க," என்றாள் பூமாரி. "கண்ணாலம் முடியட்டும். அதுவரைக்கும் அவரு உசுரோட இருக்கட்டும்."

பிறகு, மத்தியானம் கடை அடைத்துவிடுவார்கள், நேரமாகிறது என்று சொல்லி, நெற்றிக் குங்குமம் கலையாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.