முப்பத்திரண்டு

என் புருஷன் நந்தாங்கைக் கொன்றது காட்டுப் பன்றி. அந்தப் பன்றியிடம் அவரைக் கொண்டுபோய் விட்டது முப்பத்திரண்டு என்கிற எண்.

எங்கள் சோள வயல் மலையடியில், காடு முடிகிற இடத்தில் இருக்கிறது. எங்கள் வயல் என்று வாய் தவறிச் சொல்கிறேன். நிலம் ஹாஜி சொபாந்தியுடையது, விளைச்சலில் பாதி அவருக்கு. இரண்டு போகம் தொடர்ந்து பன்றிகளுக்குப் போயிற்று. மூன்றாவது முறையும் வெறுங்கையோடு வந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஹாஜியார் மரியாதையாகத்தான் சொன்னார். தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, மலையே சரிந்தாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும்.

நந்தாங் தகரம் கட்டிப் பார்த்தார், மண்ணெண்ணெய் துணி தொங்கவிட்டுப் பார்த்தார். பன்றிகள் அந்தத் துணிக்குக் கீழேயே நின்று தின்றன. கடைசியில் குமிலாரிடம் போய்க் கேட்டார். குமிலார் வட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இலை போட்ட சட்டையும் காற்றுத் துப்பாக்கியுமாக நண்பர்களோடு எங்கள் பக்கம் வேட்டைக்கு வருவார். அவரிடம் இருந்தது வெளிநாட்டில் செய்தது. நம் மாதிரி ஆட்கள் வாங்குவது பட்டறைக் கிராமத்தில் செய்கிற துப்பாக்கி.

"பன்னிக்குன்னா முப்பத்திரண்டு எடுங்க காங். அதுக்குக் கீழ போகாதீங்க" என்றாராம் குமிலார். காங் என்றால் அண்ணன், நாங்கள் புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மறந்துவிடக் கூடாது என்று, கடைக்கு அனுப்பின பிள்ளை மாதிரி அந்த எண்ணை வாயில் போட்டு மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தார் என் புருஷன்.

இருந்த இரண்டு ஆடுகளையும் விற்று, பட்டறைக்காரர் மாங் எந்துனிடம் போய் முப்பத்திரண்டு கேட்டு வாங்கி வந்தார். அழகான துப்பாக்கி, பொய் சொல்லக் கூடாது. மஹோகனிக் கட்டை, அதன் மேல் பளபளவென்று காற்றுக் குழாய். கூடவே ஒரு டப்பா ஈயக் குண்டு. திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் பச்சைப்பயறு அளவு.

"காங், இது பன்னிக்கா, இல்ல பன்னி மேல இருக்கிற உண்ணிக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் குழாய் மேல் வைத்துக் காட்டினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மொத்தம். "இவ்வளவு காத்து தள்ளுற தள்ளுல குண்டு சின்னதா இருந்தா என்ன? மிளகாய் கூடத்தான் சின்னது" என்றார். ஆட்டை விற்று வாங்கியதைக் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கியது. மூன்று வாரம் தாக்குப் பிடித்தால் அறுவடை. ஒரு நாள் அந்தியில், மக்ரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம், வயல் பக்கம் டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்த சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் அவர் கத்தினார். நான் ஓடிப் போனபோது வரப்பில் மல்லாந்து கிடந்தார். தொடை இடுப்பு வரை கிழிந்திருந்தது. என் சாரோங் கைலியை அவிழ்த்துக் காயத்தில் கட்டினேன், அது நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிளை எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பட்டுச்சு ரொகாயா, நல்லாவே பட்டுச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தன்மேல் தப்பில்லை என்று சத்தியம் செய்கிறவர் மாதிரி சொன்னார்.

எங்கள் ஊரில் ஏழு நாளும் மாலையில் ஆண்கள் கூடி இறந்தவருக்காக ஓதுவார்கள். புருஷன் செத்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பெண்கள் நாங்கள் உள்ளே மரவள்ளிக் கிழங்கு வறுத்தோம், கடலை அவித்தோம். எனக்கோ காது முழுக்க வயலில் இருந்தது. அவர் போய்விட்டார், இனி அந்தச் சோளமும் போனால் நான் எதைத் தின்று இத்தா இருப்பது? ஹாஜியார் எனக்காக இன்னொரு போகம் காத்திருப்பாரா?

மூன்றாம் நாள் ஓத வந்தவர்களில் குமிலாரும் அவருடைய வேட்டை நண்பர்களும் இருந்தார்கள். மாங் எந்துனும் பட்டறைக் கிராமத்திலிருந்து வந்திருந்தார். வெட்கத்தை விட்டுக் கதவோரம் நின்று சொன்னேன்.

"துப்பாக்கி வெச்சிருக்கிறவங்கள்ல யாராவது ரெண்டு பேரு ஓதி முடிச்சதும் வயல்ல போய் உக்காருங்க. என்னால போக முடியாது."

"நாங்க எதுக்கு இருக்கோம், தேத்தே? நிம்மதியா இருங்க" என்றார் குமிலார். அக்கா என்று அவர் கூப்பிட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்பினேன்.

துஆ முடிந்து தேநீர் வந்தது. குமிலார் சுவரில் சாய்த்திருந்த நந்தாங்கின் துப்பாக்கியை எடுத்தார். குழாயைத் தடவினார், வாய்ப்பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது நாலரை மில்லி ஓட்டை. அணில் அடிக்கிறது. யாரு இத பன்னிக்கு வாங்கச் சொன்னது?"

"நீங்கதான் முப்பத்திரண்டுன்னு சொன்னீங்க" என்றேன்.

"நான் சொன்னது குண்டு போற ஓட்டை, தேத்தே. ஒரு அங்குலத்த நூறாக்கினா அதுல முப்பத்திரண்டு பங்கு. எட்டு மில்லி வரும்."

மாங் எந்துன் தேநீரைக் கீழே வைத்தார். "எங்க பட்டறையில முப்பத்திரண்டுன்னா காத்துக் குழாயோட மொத்தம், மில்லிக் கணக்குல. எத்தனை வருஷமா அப்படித்தான். அவரு முப்பத்திரண்டு கேட்டாரு, குடுத்தேன். ஓட்டையப் பத்திச் சொல்லாதவங்களுக்கு எல்லாரும் வாங்குற நாலரைதான் குடுப்போம்."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. யார் முகத்திலும் காறித் துப்ப முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள், நாய்ச் சண்டையில் கூட அவ்வளவு உற்சாகம் இருக்காது. எட்டு மில்லிதான், அதிலும் தலை குழிந்த ஈயக் குண்டாக இருக்க வேண்டும், உள்ளே போனதும் விரிந்துவிடும் என்றார் குமிலார். கிழட்டு ஆண் பன்றிக்குத் தோளில் தோல் பலகை மாதிரி இருக்கும், குழிந்த தலை அதில் சப்பிப்போகும், கனமான கெட்டித் தலைதான் துளைக்கும் என்றார் எந்துன். ஒன்பது மில்லி என்றது ஒரு குரல். ஒன்பது மில்லி காற்றைக் குடித்துத் தீர்த்துவிடும், மூன்றாவது குண்டுக்குத் துப்பாக்கி வெறும் ஊதுகுழல் என்றது இன்னொரு குரல். கடலையை எடுத்து நாலரை, எட்டு, ஒன்பது என்று பாயில் அடுக்கிக் காட்டினார்கள். அவருக்காக ஓத விரித்த பாய் அது.

நான் கதவோரம் வந்து நின்றேன், இரண்டு தரம் இருமினேன். குமிலார் கையைக் காட்டி, இதோ கிளம்புகிறோம் என்றார். தேநீர் கேட்டார்கள், கொடுத்தேன். கிழங்கு தீர்ந்தது. பேச்சு தீரவில்லை.

விடிந்ததும் இத்தாவை மீறி வயலுக்குப் போனேன். அல்லாஹ் என்னிடம் கேட்டால் நானும் அவனிடம் கேட்கச் சில கேள்விகள் இருக்கின்றன. தூரத்திலிருந்தே தெரிந்தது. நேற்றுவரை சோளம் மறைத்திருந்த காட்டு ஓரம் வெட்டவெளியாகத் தெரிந்தது. ஒரு தட்டை நிற்கவில்லை. பால் கதிர்கள் மிதிபட்டுச் சேற்றோடு சேறாகக் கிடந்தன. ஹாஜியார் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார். நிலம் பற்றி நாற்பதாம் நாள் ஓதல் முடிந்ததும் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

பிறகு குமிலார் வந்தார். பேசிக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை என்றார். அவருக்கும் வருத்தம்தான், கண் சிவந்திருந்தது. ஆனால் வரப்போரம் வந்ததும் குனிந்து உட்கார்ந்துவிட்டார். சேற்றில் பெரிய குளம்புத் தடங்கள். முன்னங்கால் ஒன்று மட்டும் ஊன்றாமல் இழுத்துக்கொண்டே போயிருந்தது.

"அதே பன்னிதான். தோள்ல பட்டிருக்கு. சரியான இடந்தான்" என்று தடத்தை விரலால் அளந்தார். "எட்டு மில்லியா இருந்தா இங்கயே விழுந்திருக்கும்."

"இங்கதான் விழுந்தாரு" என்றேன்.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். அந்த நொண்டித் தடம் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போயிருந்தது. நிதானமாக, ஒரு வரிசை விடாமல் தின்றிருந்தது அந்தப் பன்றி.