பின்நங்கூரம்

கப்பல் என்றால் மூக்கு கூராக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழுத கப்பலுக்கு மூக்கே கிடையாது. முன்பக்கம் அலமாரிக் கதவு மாதிரி இரண்டாகத் திறக்கும். உள்ளேயிருந்து சாய்தளம் இறங்கும். அதன்மேல் டாங்கிகள் உருண்டு நேராகக் கரைக்குப் போகும். அடிப்பாகம் தட்டை. மணலில் ஏற வசதி, நடுக்கடலில் குடல் வாய்க்கு வந்துவிடும். மாலுமிகள் அதற்கு வைத்த பெயர் தொட்டி.

மற்றக் கப்பல்கள் தரை தட்டினால் அவமானம். தொட்டிக்கு அதுதான் பிழைப்பு. ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பாடு. அதனால் கரைக்குக் கொஞ்ச தூரம் முன்பே பின்பக்கத்து நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கம்பியை விட்டுக்கொண்டே போய் மணலில் ஏறுவார்கள். வேலை முடிந்ததும் கம்பியை இழுத்தால் கப்பல் பின்னுக்கு வரும். போடுவதும் இழுப்பதும் என் வீட்டுக்காரர். கேப்டன் மேலிருந்து மணி அடிப்பார், இவர் கம்பி சுற்றும் உருளையின் பிடியைத் தள்ளுவார். முன்னால் நடப்பது அங்கிருந்து தெரியாது.

எங்கள் ஒரே மகன் அதே கப்பலில் முன்கதவு வேலைக்குச் சேர்ந்தான். அப்பா வால், பிள்ளை தலை என்று நானே கேலி பண்ணியிருக்கிறேன். சண்டை நடந்த ஒரு கரையில் ஜனங்களை ஏற்றப் போனார்கள். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் நின்றால் ஏறிய அத்தனை பேரோடும் கப்பல் மணலில் மாட்டிக்கொள்ளும். நடக்க முடியாத ஒரு பெண்ணைத் தூக்கி வர என் மகன் இறங்கி ஓடினான். முன்கதவிலிருந்து கப்பல் டெலிபோனில் இவருக்குச் சொன்னார்கள்: "அண்ணே, உங்க பையன் இன்னும் ஏறல." அதே நேரம் மணி அடித்தது. இவர் இழுத்துவிட்டார்.

மகனின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. இவருக்கு மெடல் கிடைத்தது.

"தெரிஞ்சுதானே இழுத்தீங்க?" என்று கேட்டேன்.

"மணி அடிச்சுது. கை போயிடுச்சு."

கை போயிடுச்சாம். கைக்கு மட்டும் தனியாக மூளை இருக்கிறதா என்ன? அத்தனை உயிரைக் காப்பாற்றத்தான் இழுத்தேன் என்று சொல்லியிருந்தால், நாலு திட்டு திட்டிவிட்டு மன்னித்திருப்பேன். இந்தச் சப்பைக்கட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் சோறு போட்டேன், அவ்வளவுதான்.

தொட்டி அதற்குப் பிறகும் உழைத்தது. வெள்ளம் வந்த ஊருக்கு அரிசி, புயல் அடித்த ஊருக்குக் கூரைத் தகடு. கடைசியில் துரு தின்றுபோய், உடைக்க விற்றுவிட்டார்கள். உடைக்கிற கரையில் அதுவே போய் ஏற வேண்டும். பழைய ஆட்கள் குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். மகன் கடைசியாக நின்ற முன்கதவைப் பார்க்கத்தான் போனேன், இவருக்காக இல்லை. போய்ப் பார்த்தால் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் இருந்தன.

இப்போதைய கேப்டன் சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர். "ஐயா, உங்க பழைய இடத்துலயே நில்லுங்க. ஆனா இன்னிக்கு நங்கூரம் வேண்டாம். திரும்பி வரப்போறதில்ல. முடிஞ்ச வரைக்கும் மேல ஏத்தணும்."

"தெரியும் சார்," என்றார் இவர். பிறகு என்னிடமும் சொன்னார்: "இன்னிக்குப் போடக் கூடாது."

பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். கரை நெருங்கியது. இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கப்பலுக்குக் கடைசி மரியாதையாகக் கேப்டன் மணியை அடித்தார்.

கட்டியிருந்த கை பிரிந்தது. பிடி சாய்ந்தது. நங்கூரம் தடாலென்று தண்ணீரில் விழுந்தது. கம்பி கொஞ்ச தூரம் ஓடி, துருப்பிடித்த உருளையில் சிக்கிக்கொண்டது. மணலைத் தொடாமலே கப்பல் குலுங்கி நின்றது.

மேலேயிருந்து கத்தினார்கள். ஒரு மாலுமி சிரித்தான். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க."

இவர் காதில் எதுவும் விழவில்லை. பிடிமேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வெட்கம் இல்லை, பயம்தான் இருந்தது.

"நான் போடலையே," என்றார் என்னிடம். "நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

பார்த்தேன்தான். வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்ற மனுஷனை அந்தக் கை கேட்கவே இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது. இவர் கப்பலா பிள்ளையா என்று யோசித்துப் பார்த்துப் பிள்ளையைக் கைவிட்டவர் இல்லை. யோசிக்கவே நேரம் கிடைக்கவில்லை.

"அன்னிக்கு 'கொஞ்சம் பொறுங்க'ன்னு சொல்லத்தான் நெனச்சேன்," என்றார் மெதுவாக. "வாயைத் திறக்கறதுக்குள்ள..."

"போதும், விடுங்க," என்று அந்தக் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷம் என் மகன் சாவுக்குக் காரணம் என்று கைகாட்டித் திட்ட வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தார். இனி யாரைத் திட்டுவது என்று தெரியாமல், அந்தக் கையை விடாமல் அழுதேன்.