மூன்று நாளாகக் கொத்தாத குஞ்சு

புயல் கரண்ட் கம்பங்களைச் சாய்த்து இருபது நாளாகிவிட்டது. சாமார் என்ற பெரிய தீவின் கரைக்கு அப்பால் எங்கள் தீவில் செல்போன் பழுது பார்ப்பவள் நான் ஒருத்திதான். ஈயம் உருக்கி ஒட்ட, லைட்டர் கேஸில் எரியும் சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். நல்ல சாமான், ஆனால் ஒரு கெட்ட குணம். நுனிக்குக் கீழே பக்கவாட்டில் ஓட்டை, அதன் வழியே அனல் வரும். சற்றுத் திருப்பிப் பிடித்தால் பக்கத்தில் இருக்கும் ஐசி சில்லு வெந்துபோகும். பகலில் அந்த அனல் கண்ணுக்கே தெரியாது.

அன்செல்மோவின் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கடலுக்குப் போனவனை யாரோ மண்டையில் அடித்துக் கொன்றிருந்தார்கள்; படகு பிணத்தோடு கரை ஒதுங்கியது. சவப்பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே அவன் முகம். கண்ணாடிமேல் அரிசி, அரிசிக்கு நடுவே ஒரு கோழிக்குஞ்சு. அது கொத்தக் கொத்த, கொன்றவனின் நெஞ்சை மனசாட்சி கொத்தும் என்பது எங்கள் நம்பிக்கை.

"மூணு நாளா ஒரு மணி அரிசிகூட கொத்தல," என்றாள் அவன் அம்மா தியோஃபிலா.

"வேற குஞ்சு விடுங்கம்மா."

"இதுவே மூணாவது."

நனைந்த போனை என் கையில் வைத்தாள். "அவன் சட்டைப்பையில இருந்துச்சு. சாகுறப்போ எதையோ படம் புடிச்சிருப்பான்னு தோணுது. தொறந்து குடு புள்ள. நாளைக்குப் போலீஸ் வருது."

அதே படகில் போனவன் என் புருஷன் ருவேலோ. அன்று விடியலில் நீந்திக் கரையேறி வந்தவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை. போன வாரம்தான் வலைக்காக இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகென்ன யோசிக்க? அவன்தான் கொன்றான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பேட்டரி முனையை உப்பு தின்றிருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்தால் போதும், உயிர் வந்துவிடும். பக்கத்திலேயே, எடுத்த படமெல்லாம் தங்கியிருக்கும் மெமரி ஐசி. தியோஃபிலா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டை லேசாகத் திருப்பினேன். மெதுவாக முப்பது வரை எண்ணினேன். கருகல் வாசனை வந்தது.

டொக்.

குஞ்சு கொத்தியது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. மறுபடி கொத்தியது, பிறகு நிறுத்தவே இல்லை. இறந்தவனின் முகத்துக்கு மேல் டொக் டொக்கென்று அரிசி சிதறியது.

"கொன்னவன் வந்திருக்கான்," என்று தியோஃபிலா வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"போயிடுச்சும்மா. உப்புத்தண்ணி உள்ள ஏறிடுச்சு," என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

சாவு வீட்டுக்கு வந்தவரை நாங்கள் வழியனுப்ப மாட்டோம். அனுப்பினால் அடுத்த சாவு வந்துபோனவர் வீட்டில்தான் என்பார்கள். ஆனால் தியோஃபிலா என்னோடு வாசல்வரை வந்து, நான் போவதைப் பார்த்து நின்றாள்.

வீட்டில் ருவேலோ எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"போன் ஆன் ஆச்சா?"

"ஏன் கேக்குற?"

"வெளக்கு இல்லாத படகு ஒண்ணு வந்துச்சு. நம்ம ஊர் ஆளுங்க இல்ல. அன்செல்மோ அவனுங்க மூஞ்சிய படம் புடிச்சான். அடி விழுந்ததும் நான் அவனை விட்டுட்டுக் குதிச்சிட்டேன், மெர்லிட்டா. அந்த வெக்கத்துலதான் வாயே வரல. நாளைக்கு என்னைத்தான் புடிப்பாங்க. நான் சொன்னா எவன் நம்புவான்? அந்தப் படம் ஒண்ணுதான் சாட்சி."

அவன் என் பையை வாங்கிக் கீழே வைத்தான்.

"போனை உன் கையிலதான் குடுத்தாங்கன்னு கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு," என்றான்.