களிமண் பிடித்து வைத்தது

கணவன் கருப்பண்ணன் சிறுநீரகம் கெட்டு இறந்த பிறகு, மாதம்மாள் தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கவே இல்லை. கரடியூரில் அவர்களுடைய காப்பித் தோட்டத்தின் கீழ்க்கோடியில் அந்தக் கிணற்றை வெட்டச் சொன்னவளே அவள்தான். சாவு வீட்டில் கருப்பண்ணனின் தங்கை கண்ணம்மாள், "அந்தக் கெணத்துத் தண்ணிதான் எங்கண்ணனெக் கொண்டுபோயிருச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் வந்த பேச்சு, மற்றவர்கள் மறந்துபோனார்கள். மாதம்மாளால் முடியவில்லை. அன்றிலிருந்து சோலைக்குள் இருக்கும் ஊற்றுக்குக் குடத்தோடு நடந்தாள்.

ஆடி மழை விட்டிருந்த ஒரு காலையில் இளவரசி வந்தாள். சேலத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். மலைமண்ணில் இருக்கும் அருமண் தனிமங்கள் எப்படித் தண்ணீரில் கரைந்து நகர்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எடுத்துக்க கண்ணு. குடிச்சு மட்டும் பாத்துராத."

"ஏனுங்கக்கா?"

யாரிடமும் சொல்லாததை மாதம்மாள் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்: "மண்ணுல என்னென்னமோ கரையுதுங்கறயே, அதுதான் அவரெக் கொன்னுச்சா?"

இளவரசி பாட்டிலைக் கீழே வைத்தாள். "நான் அளக்கறது சீரியம், லாந்தனம்னு சில உலோகங்களைத்தானுங்க. அதை வெச்சு..."

"பேரு எனக்கெதுக்கு சாமி? கெடுதலா இல்லையா, அதெச் சொல்லு."

இளவரசி பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாள். குடிதண்ணீருக்குச் செய்கிற சோதனையையும் செய்து தருவதாகச் சொன்னாள். பிறகு ஊற்றையும் காட்டச் சொல்லி, அங்கேயும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் அவள் திரும்பி வந்தபோது, புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணம்மாளும் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மாதம்மாள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். "அவளும் கேக்கட்டும். சொல்லு கண்ணு" என்றாள்.

இளவரசி இருவரையும் தோட்டத்து ஓரத்தில் மண் சரிந்திருந்த இடத்துக்கு அழைத்துப் போனாள். மேலே மக்கிய இலைகளின் கறுப்பு. அதன் கீழே சிவந்த களிமண்.

"பாறை மக்கி மண்ணாகறப்ப அந்த உலோகமெல்லாம் வெளிய வருதுங்க. எலை மக்குன புளிப்புத் தண்ணி அதைக் கொஞ்சம் கரைச்சு இழுத்துக்கிட்டு எறங்கும். கீழ போகப் போகப் புளிப்புக் கொறையுது, களிமண்ணு அதைப் புடிச்சு வெச்சுக்குது. உங்க கெணத்துக்கு வந்து சேர்றது ஒண்ணுமே இல்லைங்கற அளவுதான். மத்த சோதனையிலயும் கொறை இல்லீங்க."

"அப்ப ஊத்து?" என்றாள் கண்ணம்மாள்.

"அது எலைக்குள்ளயே ஓடி வர்றதால கெணத்தெ விட அங்கதான் ஜாஸ்திங்க. பயப்படாதீங்க, அதுவும் நொம்பக் கொஞ்சம்தான்."

மாதம்மாள் பக்கென்று சிரித்துவிட்டாள். கெட்டது என்று கிணற்றை ஒதுக்கிவிட்டு, அந்த உலோகம் அதிகம் இருந்த இடத்துக்கல்லவா இத்தனை நாள் மூச்சு வாங்க நடந்திருக்கிறாள்! சிரிப்பு முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப அவரெ எது கொண்டுபோச்சு கண்ணு?"

"தெரியலீங்கக்கா. இப்ப இருக்கற தண்ணியைப் பத்தித்தான் நான் சொல்ல முடியும். உங்க மேல தப்புங்கறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லீங்க."

கண்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு வயித்தெரிச்சல்ல வாய்க்கு வந்ததெச் சொல்லிப்போட்டேன் அண்ணி. நீங்க அதெ இன்னும் வெச்சுக்கிட்டு இருக்கறீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மாதம்மாள் கண்ணம்மாளின் தோளில் கை வைத்தாள். பிறகு வீட்டை நோக்கி நடந்தாள்.

அன்றைக்கே அந்தத் தண்ணீரைக் குடிக்க அவளுக்கு மனம் துணியவில்லை. முதலில் இறைத்துக் குளித்தாள். சில நாள் துணி துவைத்தாள். மார்கழி பிறப்பதற்குள் உலையும் அதிலேயே வைத்தாள். கண்ணம்மாள் வந்த ஒரு மத்தியானம் இருவருக்கும் சோறு போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கண்ணம்மாள் எந்தத் தண்ணீர் என்று கேட்காமலே அண்ணாந்து குடித்தாள்.