ஆறு மணி நேரத்துக்கு ரெண்டு

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில், எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்களுக்கும் ஒரு கருவாட்டு மூட்டைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு, காசிராஜன் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். 'ரெண்டு கிரெடிட் கொறையுது, கடைசி வருசத்துக்குப் போக முடியாது.' ஒரு கொண்டை ஊசி வளைவில் குற்றம் கல்லூரியுடையதாக இருந்தது. அடுத்த வளைவில் அவனுடையதாகிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது கையில் வாக்கியமே இல்லை.

அவன் கடைசி வருடம் ஏறிவிட்டால் ஆவணியில் மாமன் மகள் வீரலட்சுமியோடு நிச்சயம். ஏறாவிட்டால், பெண் கேட்டுக் காத்திருக்கும் பொட்டிபுரத்து வங்கி மாப்பிள்ளைக்கு வாக்கு.

அவன் படித்த பொறியியல் கல்லூரியில் போன வருடம்தான் கிரெடிட் முறை வந்தது. முதல்வர் அதை ஆங்கிலத்தில் விளக்கினார். பாதியில் மைக் நின்றது. மீதியை அவர் மைக்குக்கு விளக்கினார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கனம் உண்டு, தேறினால் அது நம் கணக்கில் ஏறும், இத்தனை சேர்ந்தால்தான் அடுத்த வருடம் என்பதுவரை எல்லாருக்கும் கேட்டது. தாங்க முடியாதவர்கள் பருவத்தின் நடுவில் ஏதாவதொன்றை விட்டுவிடலாம் என்பதும் கேட்டது. எதற்கு எவ்வளவு கனம் என்பது மைக் நின்ற பிறகு வந்தது.

போன ஐப்பசியில், ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்தபோது அப்பாவுக்குக் கால் பிசகியது. காசிராஜன் அடிக்கடி மலைக்கு வர வேண்டியதாயிற்று. எதையாவது விட்டாக வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் நடக்கிற வகுப்புப் பாடம் ஒன்று இருந்தது. மூன்று மூன்று மணி நேரம் நின்று செய்கிற பட்டறைகள் இரண்டு இருந்தன. அவன் மலைக்காட்டுப் பிள்ளையாகவே யோசித்தான். ஆறு மணி நேரம் கால் கடுக்க நிற்பது பெரிதா, நான்கு மணி நேரம் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பது பெரிதா? வகுப்பை விட்டான்.

கல்லூரி வேறு மாதிரி யோசித்திருந்தது. உட்கார்ந்து கேட்டால் மணிக்கு ஒரு கிரெடிட். நின்று செய்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. பட்டறைகளை விட்டிருந்தால் இரண்டுதான் போயிருக்கும், இரண்டு வரை கல்லூரி பொறுத்துக்கொள்ளும். போனது நான்கு.

காய் உலர்த்தும் கொட்டகையில் அப்பா உக்கிரபாண்டி சூட்டு அறையிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் அண்ணன், வீரலட்சுமியின் அப்பா கோட்டைச்சாமி தேவாரத்திலிருந்து வந்து சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். காசிராஜனைத் தொட்டிலில் பார்த்தபோதே 'மாப்ளே' என்றவர்.

"வாங்க மாப்ளே! ஏறியாச்சா கடைசி வருசம்?"

காசிராஜன் சொன்னான்.

"ரெண்டு மார்க்குதானே? வாத்தியார் கால்ல விழுந்தா போட மாட்டாரா?"

"மார்க்கெல்லாம் நல்ல மார்க்கு மாமா. இது கிரெடிட்டு." பட்டறைக் கதையையும் சொன்னான்.

அப்பா திரும்பினார். "ஏன்டா, ஒரே நேரந்தான். நின்னவனுக்கு ஒண்ணு, உக்காந்தவனுக்கு மூணா?"

"ஆமாப்பா."

"அப்ப அது நம்ம எஸ்டேட்டுதான்டா. இங்கனயே பொறந்து வளந்துட்டு இதுகூடத் தெரியலையா ஒனக்கு?"

மாமா மட்டும் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இனி என்ன செய்யணும்?" என்றார்.

"இந்த வருசம் ஜூனியர் பயலுகளோட உக்காந்து அந்தப் பாடத்த எடுக்கணும். பெறகுதான் கடைசி வருசம்."

"மிச்ச நேரம்?"

"சும்மா இருக்கணும்."

"அதுக்கு எத்தன கிரெடிட்டு குடுப்பாக?"

அம்மா சுருளியம்மாள் காப்பியோடு வந்தாள். "ஒரு வருசந்தானேண்ணே. கண்ண மூடித் தெறக்கங்குள்ள போயிரும்."

"எனக்கென்ன ஆத்தா. பொட்டிபுரத்துக்காரங்க கண்ண மூட மாட்டாகளே."

காப்பியைக் குடித்துவிட்டு, யானை புகுந்த வாழைத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு எழுந்தார்.

"சுருளி, அந்த டப்பாவ ஒழிச்சுக் குடு. புள்ள தேடுவா."

வீரலட்சுமி அதிரசம் சுட்டு அனுப்பிய டப்பா அது. சம்பந்தம் பேசுகிற வீடுகளுக்குள் பாத்திரம் அன்றைக்கே திரும்பாது. மறுபடி வந்துபோக அது ஒரு சாக்கு. கேட்டு வாங்கினால் என்ன அர்த்தம் என்று கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அம்மா அதிரசங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. வெறும் டப்பாவை அனுப்பக் கூடாது என்று நல்ல பச்சை ஏலக்காயாகப் பொறுக்கிக் கை நிறையப் போட்டாள். மூடிதான் அவளுக்கு அமுங்கவில்லை. காசிராஜன் வாங்கி அழுத்தி மூடினான்.

ஜீப்பில் ஏறிய மாமா அவன் தோளைத் தட்டினார்.

"வர்றேன் தம்பி. நல்லாப் படிங்க."

ஹாரன் சத்தம் வளைவு வளைவாகக் கீழே இறங்கிப் போனது. கொட்டகை வாசலில் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தட்டைத் திருப்ப ஆளில்லாமல் காய் தீயும் வாசனை வந்தது. இருவரும் நகரவில்லை.