இரண்டடி பின்னால்

எண்பத்திரண்டில், சிங்கப்பூரின் பிடோக் சமூக மன்றம் கடற்கரையில் குடும்ப ஓட்டம் வைக்கப்போவதாகச் சொன்ன நாள்முதல் இயேசுதாசனின் கால் தரையில் பாவவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "சகலைய முந்தலேன்னா என் பேர மாத்திக்கிறேன் லா," என்று எல்லார் காதிலும் போட்டு வைத்தார். சகலை மரியஅந்தோணி சிரித்துக்கொண்டார். இயேசுதாசனின் வாய் ஓடும் வேகம் அவருக்குத் தெரியாததா!

மனைவி அல்போன்சம்மாளின் பெயரையும் சேர்த்தே கொடுத்திருந்தார். ஓட்டத்தன்று அவள் ஜூரோங் தொழிற்சாலை வேலைக்குப் போடுகிற கால்சட்டையோடு வந்து, வழக்கம்போல அவருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்கானாலும் தேக்கா சந்தைக்கானாலும் அவள் நடப்பது அங்கேதான்.

விசில் ஊதியதும் இயேசுதாசன் சூரப்புலியாகப் பாய்ந்தார். சவுக்கு மரங்கள் வருவதற்குள் விலா பிடித்துக்கொண்டது, நாக்குத் தள்ளியது. சகலையின் வழுக்கைத் தலை முன்னால் மினுக்கிக்கொண்டு போனது. பின்னால் மனைவியின் ஷூ சத்தம் கேட்டது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கவேயில்லை.

"ஒனக்கு எரைக்கலயா?"

"இதுக்கா? லிப்ட் பழுதான நாளெல்லாம் ஒம்பது மாடி எறங்கி கம்பெனி பஸ்ஸத் தொரத்திப் பிடிக்கிறேனே. நீங்க மெதுவாவே வாங்க."

மெதுவாவே வாங்க! அவருக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் தான் முன்னால் ஓடியதே அவள் விட்டுக்கொடுத்ததால்தான். இப்படியே போனால், பெண்டாட்டியையாவது முந்தினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளை முன்னால் விட்டாலோ, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலே சிரிக்கும். ஆனால் அந்தக் கால்களில் என்னதான் இருக்கிறதென்று பார்த்துவிட அவருக்கு மனம் அடித்துக்கொண்டது.

ஓரமாக ஒதுங்கி நின்றார். "நீ போ."

"உங்கள விட்டுட்டா? பாக்குறவங்க என்ன சொல்வாங்க?"

"போ லா!"

கொஞ்சம் தயங்கினாள். பிறகு பிடித்தாள் பாருங்கள், ஓர் ஓட்டம்! இளவட்டங்கள் தாமாகவே வழிவிட்டார்கள். மரியஅந்தோணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள்.

"ஆண்டவரே!" என்று வாய்விட்டே சொன்னார் இயேசுதாசன். மெய்சிலிர்த்துப் போயிருந்தது அவருக்கு. ஓடிவந்த சீனப் பெரியவர் ஒருவர், இவருக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பதறி நின்றார்.

"மை வைஃப்," என்று இயேசுதாசன் கையை நீட்டிக் காட்டினார்.

இத்தனை வருடத்தில் அவள் முன்னால் போய் அவர் பார்த்ததேயில்லை. அந்த முதுகு இவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது.