சரோஜம்மாவின் தெத்துப்பல்லும் ஒரு சிவப்பு விளக்கும்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் பென்ஷன் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். வலது கை எழுதிக்கொண்டிருப்பதால் சத்தியத்துக்கு இடது கைதான் கிடைத்தது. அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பல்லிலிருந்து வந்தது. சரோஜம்மாவின் மேல்வரிசையில், இடது பக்கம், பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் தெத்துப்பல். கேமரா பின்னால்தான் வந்தது. ஆனால் பல்லைப் பற்றிய கதை என்றால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்பதால், கேமராவைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு தைரியமும் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் இதை யாரும் படிக்கப்போவதில்லை. பெரியவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பிள்ளைகளுக்குப் படிக்க வரும், மலையாளம் மட்டும். சாட்சிகள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தும் ஒருவரும் என்னை மறுத்துப் பேச முடியாது. ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் ஏது?

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

“2009ஆம் ஆண்டு, மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சங்கரலிங்கம் எறணாகுளம் போட்டில் ஏறியபோது காயல் நீர் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல்—”

அடித்துவிட்டேன். சங்கரலிங்கம் இருபத்தெட்டு வருடம் கார்ப்பரேஷன் குப்பை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காயலில் பொன்னை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மிதக்கிற பாட்டில் எத்தனை என்று கேட்டால் சொல்வார்.

இரண்டாவது தொடக்கம்: “மனிதனின் நினைவுக்கும் இயந்திரத்தின் நினைவுக்கும் உள்ள வேறுபாடு யாதெனில்—”

இது இரண்டு பக்கம் ஓடியது. சாயா குடித்துவிட்டு வந்து திரும்பப் படித்தபோது யாதெனில் என்பதற்குப் பிறகு எனக்கே ஒன்றும் புரியவில்லை.

மூன்றாவது: “சரோஜம்மா சிரித்தாள்.”

இதுதான் நல்ல தொடக்கம். ஆனால் இதை இப்போதே செலவழித்துவிட்டால் கதையில் அப்புறம் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அதை இப்படி அடைப்புக்குறிக்குள் போட்டு உங்களிடம் கொடுக்கிறேன்: (சரோஜம்மா சிரித்தாள்.) பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் கேட்பேன்.

3

சங்கரலிங்கத்தின் மனைவிதான் சரோஜம்மா. பஜார் ரோட்டில் ஒரு பண்டகசாலையில் சுக்கைத் தரம் பிரிக்கிற வேலை. நல்ல சுக்கு, சொத்தைச் சுக்கு எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே பிரிப்பாள்.

கேமரா என்று ஒன்று எதிரே வந்தால் அவளுடைய இடது கை தானாக எழுந்து வாயைப் பொத்தும். கல்யாணத்தன்று, பள்ளுருத்தியிலிருந்து வந்த போட்டோக்காரர் அந்தக் கை இறங்கட்டும் என்று பந்தியில் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, இரண்டாம் பந்தியிலும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். இறங்கவில்லை. அந்தப் போட்டோவில் மணமகள் தும்மப் போகிறவள் மாதிரி நிற்பாள். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்கள் கையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். வாயை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த அட்டையில் சரோஜம்மாவுக்கு உதடே கிடையாது.

கேமரா இல்லாத நேரத்தில் அவள் சிரிப்பது வேறு சரக்கு. முதலில் மூச்சு மட்டும் வரும். பிறகு அந்தப் பல் வெளியே எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் சத்தம். ஒருமுறை படகுத்துறையில் நின்று அவள் சிரித்ததைக் கேட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, புறப்பட்டுப் போன நாலு மணி போட் திரும்பி வந்திருக்கிறது.*

(* போட் திரும்பியது சத்தியம். ஓட்டியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கும் பென்ஷன் வரவேண்டும்.)

இனி விஷயம். இவர்களுடைய மகள் மஞ்சுஷா காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வந்த அன்று, “அம்மா, அந்தப் பல்லப் பிடுங்கிட்டு அழகா ஒண்ணு வச்சிரலாம்” என்றாள். சரோஜம்மா சந்தோஷத்தில் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று.

சங்கரலிங்கம் “ரொம்ப நல்லது” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது, காப்பித் தட்டு இரண்டு கையிலும் இருந்ததால் சரோஜாவால் வாயைப் பொத்த முடியவில்லை. யாரோ ஏதோ சொன்னார்கள். அரை விநாடி. அந்தப் பல்லைப் பார்த்துத்தான் அவர் சம்மதம் சொன்னார். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாமா? பிடுங்காதே என்று சொன்னால், முப்பத்தொரு வருட ஆசையில் மண்ணைப் போட்ட பாவம். சொல்லாமல் விட்டால் வியாழக்கிழமை மத்தியானத்தோடு அந்தச் சிரிப்பு உலகத்தில் இருக்காது.

வியாழக்கிழமைக்குள் அந்தச் சிரிப்பு ஒன்று அவருக்கு வேண்டும். அவ்வளவுதான்.

4

எறணாகுளம் பிராட்வேயில் ஒரு சின்னக் கேமராக் கடை. கடையில் முகமது இஸ்மாயில் என்று ஒருவர்.

“கல்யாண வீட்டுக்கா சேட்டா?”

“இல்ல. ஒரு பல்லுக்கு.”

இஸ்மாயில் முகம் மாறவில்லை. பிராட்வேயில் நிற்பவர்கள் எதையும் கேட்டிருப்பார்கள். “பல்லுக்கு இது தாராளம்” என்று கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வஸ்துவை எடுத்து வைத்தார். சட்டைப் பையில் போடலாம். டேப் கிடையாது, ஒரு மணி நேரம் உள்ளேயே பதியும்.

“எப்பிடி ஓட்டணும்?”

“ஒரு கண்ணு, ஒரு பட்டன், பின்னால ஒரு குட்டி டிவி. வேற ஒண்ணும் கெடையாது. அமுக்கினா ஓடும். இன்னொரு தடவ அமுக்கினா நிக்கும்.”

“கிளட்ச்?”

“அதெல்லாம் கம்பெனிலேயே அமுக்கித் தந்துருக்காங்க.”

குட்டி டிவி தீப்பெட்டி அளவு. கண்ணாடி போட்டால்தான் அது தெரியும். கண்ணாடி போட்டால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. சங்கரலிங்கம் யோசித்து, ஆள் தெரிந்தால் போதும் என்று முடிவு செய்து வாங்கிக்கொண்டார்.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தது. பேச்சி. பண்டகசாலையில் சரோஜம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுக்குப் பிரிப்பவள். இவள் கதைக்குத் தேவையா? ஏற்கெனவே ஆட்கள் போதும். இரண்டாவது பிரதியில் பேச்சியை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் வந்து நின்றாள். படிக்கத் தெரியாதவளுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“என்னைய எடுத்துட்டீயளாமே அண்ணாச்சி?”

“சும்மா ஒரு பிரதியிலதான் பேச்சி.”

“நா இல்லாம அவள யாரு சிரிக்க வச்சா? நீங்களா? உங்க மூஞ்சியப் பாத்து யாராச்சும் சிரிச்சிருக்காவளா?”

இது என்னைப் பற்றிய பேச்சு, கதைக்குச் சம்பந்தமில்லை. பேச்சியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் முதல் படப்பிடிப்பு. சரோஜம்மா பட்டுச்சேலை கட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றாள். உதடு தபால்தலை மாதிரி ஒட்டியிருந்தது.

“சிரி சரோஜா.”

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“ஒரே ஒரு தடவ. குடும்ப வீடியோ பின்ன எதுக்கு?”

“சிரிப்பு வியாழக்கெழமைக்குப் பொறவு. புதுப் பல்லு வந்ததும் வேணும்கிற மட்டும் எடுங்க. இப்ப மதி, போதும்.”

அவளும் வியாழக்கிழமைக்குத்தான் காத்திருந்தாள். இவரும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார். ஒரே கிழமை.

“சரி, முடிஞ்சிது” என்று கேமராவை அரிசி டின் மேல் வைத்தார்.

திங்கட்கிழமையும் அப்படியே. நின்றாள், ஒட்டினாள், முடிந்தது என்றதும் அவிழ்ந்தாள். செவ்வாய்க்கிழமை பேச்சி வந்தாள்.

“எந்தா அண்ணாச்சி, கையில சோப்பு டப்பா? குளிக்கப் போறியளா?”

“வீடியோ கேமரா. நீயும் நில்லு.”

இரண்டு பேரும் நின்றார்கள். எடுத்தார். முடிஞ்சிது என்று அலமாரியில் வைத்தார். சரோஜம்மா பெருமூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். பேச்சி இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“இருவத்தெட்டு வருசம் ஊருல உள்ள குப்பையெல்லாம் அள்ளுனாரு. அது தீந்து போச்சி. இப்ப நம்மள அள்ள வந்துருக்காரு.”

முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு—

(இரண்டாம் பகுதியில் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேனே, அதை எடுத்து இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.)

வெங்காயம் நாலு திசையிலும் உருண்டது. சங்கரலிங்கம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

6

புதன்கிழமை சாயங்காலம் மஞ்சுஷா தன் லேப்டாப்பில் கேமராவைச் செருகினாள். பேச்சி, சரோஜம்மா, சங்கரலிங்கம் மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

பட்டுச்சேலை வரவில்லை. பிரிட்ஜ் வரவில்லை. நின்றுகொண்டு எடுத்த ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, சரோஜம்மா தலையைச் சொறிந்தாள். சரோஜம்மா கரண்டியால் பல்லியை மிரட்டினாள். சரோஜம்மா மஞ்சுஷாவின் துப்பட்டாவை மோந்து பார்த்துவிட்டுத் துவைக்கப் போட்டாள். முடிஞ்சிது என்று அவர் சொன்னதற்குப் பிறகு நடந்தது எல்லாம் இருந்தது. கடைசியில் வெங்காயம்.

“எந்தாப்பா இது! எல்லாம் தலைகீழா!”

சங்கரலிங்கம் அப்போது சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன்:

“நா என்னம்மா செய்வேன்? அமுக்கினா சிவப்பு லைட்டு எரியிது. சிவப்புன்னா நில்லுன்னுதான அர்த்தம்? காலம்பூரா வண்டி ஓட்டுனவனுக்கு வேற என்ன தோணும்? எரிஞ்சிச்சி, சரி, நின்னுருச்சின்னு வச்சிட்டேன். அணைஞ்சிச்சி, சரி, ஓடுதுன்னு எடுத்தேன். அது நேர்மாறுன்னு எனக்கு யாரு சொன்னா?”

மஞ்சுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பேச்சி, “குப்ப லாரிய எப்பிடித்தான் நம்பிக் குடுத்தாங்களோ” என்றாள்.

(இந்தத் தவறுதலில் ஒரு விசேஷம். அரிசி டின் மேலிருந்தோ அலமாரியிலிருந்தோ, எங்கிருந்து பதிந்திருந்தாலும் சரோஜம்மாவின் முகம் சரியாக நடுவில் இருந்தது. அதிர்ஷ்டம் என்று எழுதுகிறேன். கதாசிரியர்கள் அந்தச் சொல்லை இப்படிப்பட்ட அவசரத்துக்குத்தான் வைத்திருப்பார்கள்.)

சரோஜம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை வாயைப் பொத்தியிருந்தது. திரையில் இருந்தவளின் இரண்டு கையிலும் வெங்காயம்.

“இன்னொரு வாட்டி போடு மோளே.”

போட்டாள்.

“இன்னொரு வாட்டி.”

மூன்றாம் முறை ஓடும்போது கை மடியில் கிடந்தது. அது எப்போது இறங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை, பக்கத்தில் இருந்த ஒருவரைத் தவிர.

பிறகு அவள் கேமராவைப் பிடுங்கி எடுத்தாள். சுக்கைத் தடவுவதுபோல ஒவ்வொரு பக்கமாகத் தடவித் திருப்பிப் பார்த்தாள். மேலே, கீழே, ஓரங்களில். புருஷனைப் பார்த்தாள். திரும்பவும் கேமராவைப் பார்த்தாள். அவர் கையிலேயே அதைத் திருப்பி வைத்தாள்.

“பெரிய டிரைவரு. இருவத்தெட்டு வருசத்துல ஒரு செவப்புக்காச்சும் நின்னுருக்கீயளா?”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கேயிருந்து மூச்சு மட்டும் கேட்டது.

7

மறுநாள் வியாழக்கிழமை. மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன், மூன்றும் என் நல்ல கையெழுத்தில்.

ஒன்று: சரோஜம்மா போனாள். பல்லைப் பிடுங்கினார்கள், வரிசையாக ஒன்று வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று, “இப்ப எடுங்க” என்று சிரித்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சங்கரலிங்கம் அதையும் எடுத்தார், வெங்காயப் படத்தையும் வைத்துக்கொண்டார்.

இரண்டு: போனாள். நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் இடது கை தானாக எழுந்து பொத்திக்கொண்டது. டாக்டர் மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து பார்த்தும் கை இறங்கவில்லை.

மூன்று: பதினோரு மணிக்குப் பண்டகசாலையில் சுக்குப் பிரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சுஷா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அதே படத்தைத் தன் செல்போனில் ஏற்றிக்கொண்டு காக்கநாடு பஸ் ஏறினாள்.

எனக்கு எது நடந்தது என்று தெரியும். எங்கள் அடுப்படியில் இந்த நேரம் ஆள் இருக்கிறது, எட்டிப் பார்த்தாலே போதும். ஆனால் எட்டிப் பார்த்து எழுத ஆரம்பித்தால் அங்கே வாய் மூடிக்கொள்ளும். ஆகையால் பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அவள் சிரிப்பாள். எந்தப் பல்லோடு என்பது மட்டும் உங்கள் விருப்பம்.

8

ஒன்று பாக்கி. சத்தியம் செய்துவிட்டதால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கேமரா இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் திருப்பிப் பார்த்த மாதிரியே ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

அதில் சிவப்பு விளக்கு என்று ஒன்று கிடையாது.